நாலரை வாங்கிய பாசஞ்சர்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் காலைப் பாசஞ்சரில் அல்போன்சா பத்தொன்பது வருடம் போய்வந்தாள். மதுரையில் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கிளார்க் வேலை. அந்த ரயிலை அவளுக்குப் பிடிக்காது. அந்த ரயிலைப் பிடிக்கிறது என்று சொல்கிறவர்களை அறவே பிடிக்காது.

அப்படிச் சொல்கிறவர்களுக்குத் தலைவர் அன்புமணி. 'நம்ம பாசஞ்சர் குடும்பம்' என்று வாட்ஸ்அப் குழு நடத்தினார். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் பெட்டிக்குள்ளேயே கேக் வெட்டுவார்கள். ஆயுத பூஜைக்கு எஞ்சினுக்கு மாலை, ஜன்னலுக்கு வாழைக்கன்று, கதவுக்குச் சந்தனம். சந்தனம் பூசிய கதவை ஒட்டியிருந்த கக்கூசில் தாழ்ப்பாளும் இல்லை, தண்ணீரும் இல்லை. அதைப் பற்றி அந்தப் பக்தர்கள் வாயைத் திறந்ததில்லை. எக்ஸ்பிரசுக்கு வழிவிட வாடிப்பட்டியில் வண்டி முக்கால் மணி நேரம் நின்றால், சந்தோஷமாகச் சீட்டுக்கட்டைப் பிரிப்பார்கள்.

"இவங்களை மாட்டுவண்டியில ஏத்துனாலும், மாட்டுக்குப் பொட்டு வச்சிட்டு உக்காந்துக்குவாங்க" என்று வீட்டில் கணவர் ராயப்பராஜிடம் சொல்வாள்.

ஒருநாள் சாயங்காலம் திரும்பி வரும்போது சோழவந்தானில் வண்டி ஒன்றரை மணி நேரம் நின்றது. கூட வரும் ரீனாவுக்கு அப்போது ஏழாம் மாதம். கக்கூசுக்குள் கால் வைக்க முடியவில்லை. அடக்க மாட்டாமல் அந்தப் பெண் கதவோரம் தரையில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளே அல்போன்சா ரயில்வேக்கு மனு எழுதினாள்: கக்கூசுக்குத் தண்ணீர் வேண்டும், கூடுதலாக இரண்டு பெட்டி வேண்டும். நாற்பத்தாறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். அன்புமணியும் போட்டார்.

அதே மாதம் கௌசல்யா என்றொரு பெண் கையில் டேப்லெட்டோடு ஏறினாள். சென்னை மெட்ரோவில் போகிறவர்களுக்குத் திருப்தி அதிகமா, இந்த மாதிரி ரயிலில் போகிறவர்களுக்கா என்று ஏதோ ஒரு தனியார் நிறுவனம் கேட்டுவரச் சொல்லியிருந்தது. சுத்தம், நேரம், இடவசதி, ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை என்று சொல்ல வேண்டும்.

"எல்லாத்துக்கும் அஞ்சே போடும்மா" என்றார் அன்புமணி. "மெட்ரோவுல பக்கத்துல இருக்கவன் மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டான். நம்ம வண்டிய நாமளே மட்டமாச் சொல்லலாமா?"

பெட்டியே ஐந்து போட்டது. ரீனா நாலு சொன்னாள்.

"கக்கூசுக்குமா?" என்று கேட்டாள் அல்போன்சா.

"எல்லாரும் போடுறாங்கக்கா. நான் மட்டும் எப்படி..."

அல்போன்சா எல்லாவற்றுக்கும் ஒன்று சொன்னாள். சைபர் உண்டா என்றும் கேட்டாள். இல்லை என்றாள் கௌசல்யா.

மூன்று மாதம் கழித்து முடிவு வந்தது. மெட்ரோவுக்கு மூன்றே முக்கால், பாசஞ்சருக்கு நாலரை. மனுவுக்குப் பதிலும் அந்த வாரமே வந்தது. அந்தக் கணக்கெடுப்பின்படி பயணிகள் மிகுந்த திருப்தியுடன் இருப்பதால் கூடுதல் வசதிக்கான தேவை தற்போது எழவில்லையாம். அல்போன்சா அதைப் பெட்டிக்குள் சத்தமாக வாசித்தாள். நாலரை வாங்கிய சந்தோஷத்தில் லட்டு கொடுத்துக்கொண்டிருந்த அன்புமணி, டப்பாவை அவளிடமும் நீட்டினார்.

"எடுத்துக்கங்க மேடம். கோவத்தை இனிப்புல காட்டாதீங்க."

"தின்னுட்டு எங்க போயி சார் கை கழுவுறது?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். அன்புமணியும் சேர்ந்து சிரித்தார். அவர்களுக்கு அது நல்ல நகைச்சுவை. அன்றைக்கு மத்தியானமே அவள் சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

"இம்புட்டு வருசம் தாங்கிக்கிட்ட, இப்ப என்ன?" என்றார் ராயப்பராஜ்.

"தாங்கிக்கல. வேற வண்டி இல்ல."

சென்னையில் ஆலந்தூரிலிருந்து ஆயிரம் விளக்குக்கு மெட்ரோவில் போனாள். கூட வேலை பார்க்கும் மகேஸ்வரி, ஆறு நிமிஷத்தில் வர வேண்டிய வண்டி எட்டு நிமிஷம் ஆக்குகிறது என்று தினமும் பொருமினாள். முதல் வாரம் அல்போன்சா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இவளை ஒருநாள் வாடிப்பட்டியில் நிறுத்தி வைக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டாவது மாதம் அல்போன்சாவும் கடிகாரத்தைப் பார்த்துப் பொருமத் தொடங்கினாள். அதில் அவளுக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ஒருநாள் ஆலந்தூரில் லிஃப்ட் ஓடவில்லை. முட்டிவலியோடு படியேறிப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். மறுநாள் சாயங்காலம் லிஃப்ட் ஓடியது. நேற்றுப் புகாரை வாங்கிய ஊழியர் அவளைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்.

"சரி பண்ணிட்டோம் மேடம். இப்போ திருப்தியா?"

"அது உங்க வேலைதானே தம்பி" என்று சொல்லிவிட்டு அல்போன்சா லிஃப்டுக்குள் போனாள்.