பொட்டு வைத்து அனுப்பிய ஆமைகள்

காசிமேட்டு விசைப்படகில் பன்னிரண்டு வருடம் வலை இழுத்தவன் நான். வலையில் ஆமை சிக்கினால் நெற்றியில் குங்குமம் வைத்துக் கும்பிட்டு, உடனே கடலில் விட்டுவிடுவேன். புண்ணியம் என்று நினைப்பு. தை மாதம் திருவொற்றியூர் கரையில் ஆமைகள் செத்து ஒதுங்கினால், எந்தப் பாவி வேலையோ என்று திட்டிக்கொண்டே போவேன்.

சுனாமிக்கு முந்தின வருடம் ஒருநாள் சிக்கிய ஆமை அசையவே இல்லை. பொட்டு வைத்துவிட்டு விளிம்புக்குத் தள்ளினேன். படகுக்குப் புதிதாக வந்திருந்த முகத்துவாரக்குப்பத்து ஆள் என் கையைப் பிடித்தான்.

“இன்னா மாமு, இப்பவே தள்ற? மயக்கத்துல கீது. உள்ள தண்ணி பூந்துக்கீது. வுட்டா முங்கி செத்துப்பூடும்.”

“கடல்ல பொறந்தது கடல்ல முங்குமா?”

“அதுவும் மேல வந்துதாம்பா மூச்சு வுடணும்.”

தண்ணீர் வடியட்டும் என்று அதன் பின்பக்கத்தைக் கயிற்றுச் சுருள்மேல் உயர்த்திவைத்து, ஈரச் சாக்கைப் போர்த்தினான். எனக்கு அசதியில் கண் சொருகியது. ஆனாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் சாயும்போது ஆமை தலையைத் தூக்கி மூச்சு விட்டது. எஞ்சினை நிறுத்தி இறக்கினோம். தானே நீந்திப் போனது.

“இன்னா மாமு, எப்டி போவுது பாத்தியா?”

அசையாமல் கிடந்து நான் தள்ளியவற்றில் ஒன்றாவது நீந்தியதா என்று ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

இப்போது கரையில் ஆமை ஒதுங்கினால் யாரையும் திட்டுவதில்லை. குனிந்து அதன் நெற்றியைப் பார்க்கிறேன். பொட்டைக் கடல் கழுவியிருக்கும் என்று தெரியும். ஆனாலும் பார்க்கிறேன்.