அழியக் கூடாத கோடுகள்

மூன்று வருஷத்துக்கு முன்பு ஓர் ஆடி மாதத்தில், இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம் நிவித்திகல என்ற ஊருக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது.

அந்த வருஷம் எனக்கு மார்பில் கட்டி வந்தது. புற்றுநோய் என்று சொல்லி ஒப்பரேஷன் செய்தார்கள். பிறகு கொழும்புப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கதிர் சிகிச்சை. எங்கள் தோட்டத்தில் அதைக் 'கரன்ட் பிடிக்கிறது' என்பார்கள். வார நாட்களில் அங்கேயே நோயாளிகள் தங்குமிடத்தில் இருப்பேன். சனி, ஞாயிறு வீட்டுக்கு வருவேன்.

முதல் நாள் ஒரு மெஷினில் படுக்க வைத்துப் படம் எடுத்தார்கள். பிறகு நெஞ்சிலும் விலாவிலும் ஊதா மையால் கோடுகளும் புள்ளிகளும் போட்டார்கள். சுவரிலிருந்து ஒரு பச்சை வெளிச்சம் நூல் மாதிரி வந்து உடம்பில் விழும். அந்த நூலும் மைக்கோடும் பொருந்தினால்தான் கதிர் சரியான இடத்தில் படுமாம். சிகிச்சை முடிகிற வரைக்கும் அங்கே தண்ணீர் படக் கூடாது, கோடு அழிந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து அளக்க வேண்டும், நடுவில் நின்றுபோவது நல்லதல்ல என்று அங்கே கதிர் கொடுக்கிற மிஸ் சிங்களத்தில் படித்துப் படித்துச் சொன்னாள்.

எனக்கோ குளிக்காமல் விளக்கேற்றிப் பழக்கமில்லை. ஈரத்துணியால் கை காலைத் துடைத்துக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நிற்கவே கூச்சமாக இருக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று இருந்தது. கட்டி என்று தெரிந்த அன்றே, அம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தேன். திருவிழாவோ சிகிச்சைக்கு நடுவில் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் பால்குடம் எடுக்கிறவர்கள் ஆற்றில் தலை முங்கி, ஈரச்சேலையோடு கோயிலுக்கு நடக்க வேண்டும்.

வீட்டுக்காரரின் அக்கா, எங்கள் வீடு இருக்கிற அதே லய வரிசையில்தான் இருக்கிறார். கொழுந்து எடுக்கிறவர், வாய்க்குப் பயப்படாதவர். நான் தயங்குவதைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"நனையாம பால்குடமா? சாமிகிட்ட சொன்ன வார்த்தைய மாத்துவியா நீ?"

"மாத்தல மதினி. கோடு அழிஞ்சிருமேன்னு பயமா இருக்கு."

"அப்ப பொலித்தீன சுத்திக்கிட்டு முங்கு. உர பேக் ஒண்ணு எடுத்துத் தரட்டா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அழுகை வந்தது. வேண்டுதலை விட்டால் சாமி குத்தம். கோடு அழிந்தால் வைத்தியம் கெடும். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். எதை விடுவது?

திருவிழாவன்று ஆற்றங்கரைக்குப் போய்விட்டேன். தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை. மதினி கையைப் பிடித்து ஒரு பாறைக்குப் பின்னால் இழுத்துப் போனார். "எங்க, காட்டு புள்ள" என்றார்.

வீட்டுக்காரருக்குக்கூட நான் அதைக் காட்டியதில்லை. சேலையை விலக்கினேன். தழும்பையும் கோடுகளையும் பார்த்தார். என் சேலையை அவரே இழுத்து மூடிவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"புள்ளி வச்சு கோலம் போட்ட மாதிரியில்ல இருக்கு. கோலத்த போட்டு வச்சிட்டு, சாமி வர முன்னாடி எவளாவது கழுவி விடுவாளா? நீ கரையில நில்லு."

சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கி ஒரு முங்கு முங்கினார். எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "இது அவளுக்கு" என்று உரக்கச் சொல்லி மறுபடி முங்கினார். முழங்கால் வலி என்று அந்த வருஷம் குடமே எடுக்க மாட்டேன் என்றிருந்தவர், என் குடத்தைத் தன் தலையில் வைத்துக்கொண்டார். பூசாரி என்னவோ கேட்க வாயெடுத்தார்.

"பூசாரிண்ணே, நீங்க விபூதிய பூசுங்க. ஆத்தாவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

பாதி வழியில் மழை பிடித்தது. இரத்தினபுரிப் பக்கத்து மழையைச் சொல்ல வேண்டுமா! சாமி ஊர்வலத்தில் எங்கள் ஊரில் யாரும் குடை பிடிக்க மாட்டார்கள். அன்று நாலு பக்கத்திலிருந்தும் எனக்குக் குடை நீண்டது. தொப்பலாக நனைந்தபடி மதினி திரும்பிப் பார்த்து, "தொரசாணி வர்றாங்க, வழி விடுங்கடி!" என்றார். மேளக்காரர்கூடச் சிரித்துவிட்டார். கோயில் வாசலில் குடத்தை என் கையில் கொடுத்தார். சாமியிடம் நானே சேர்த்தேன்.

திங்கட்கிழமை மெஷினில் படுத்தேன். பச்சை வெளிச்சம் வந்து விழுந்தது. வியர்வையில் கொஞ்சம் மங்கியிருந்தாலும் கோடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. மிஸ் பார்த்துவிட்டு, "ஹொந்தய் அம்மே", நல்லா இருக்கு அம்மா என்று சொல்லி, அவற்றின் மேலேயே மறுபடி வரைந்தாள். பிறகு எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்தினார்கள். வழக்கமாக அந்த நேரத்தில்தான் தனியாக விட்டுவிட்டார்களே என்று பயம் வரும். அன்று வரவில்லை.

சிகிச்சை முடிந்து வந்த அன்று, மலைத்தண்ணீர் விழுகிற பீலியடியில் என்னை உட்கார வைத்து மதினிதான் தண்ணீர் ஊற்றினார். மை லேசில் போகவில்லை. "ஒன்னய மாதிரியே பிடிவாதம்" என்று தேய்த்தார்.

இன்னும் கிளினிக்குக்குப் போய்வருகிறேன், கடவுள் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறேன். ஆனால் விளக்கேற்றிக் கும்பிடும்போது, அந்தப் பச்சை வெளிச்சத்தையும் மதினியின் ஈரச்சேலையையும் தனித்தனியாக நினைக்க இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.