தடவிவிட்ட கை

ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டு, நியூசிலாந்து வந்து, ஒருவரிடமும் கைநீட்டாமல் ஒடாஹுஹுவில் டயர்க் கடை போட்டு நிமிர்ந்தவர் கனகேந்திரன். அப்பேர்ப்பட்டவர் ஊசியைக் கண்டால் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொள்வார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு காலில் இரத்தம் உறைந்துவிடாமல் இருக்க, தினமும் வயிற்றில் ஓர் ஊசி போட வேண்டியிருந்தது. போடுகிறவர் மனைவி தவமலர்.

ஆறாம் நாள் பார்த்தால், வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போயிருந்தது. தவமலர் ஊசியைக் கீழே வைத்தார்.

"என்ரை கையாலை உங்களைக் கொல்லப்போறன். இண்டைக்கு வேண்டாமப்பா."

"லொறி டயர் தூக்கின உடம்படி இது. நீ குத்து!" என்றார் அவர், கண்ணை மூடியபடியே.

தவமலர் கேட்கவில்லை. அறுவைச் சிகிச்சை நடந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தமிழ்நாட்டு நர்ஸ் மஹதிக்குப் போன் போட்டு, கன்றியிருப்பதைச் சொன்னார்.

"ஊசி போட்ட இடத்தைத் தேய்ச்சீங்களாம்மா?"

"ஐயோ, தேய்க்கேல்லை பிள்ளை! நோகுமெண்டு அஞ்சு நிமிசம் சும்மா தடவிவிட்டனான்."

"தடவவும் கூடாதும்மா, அதுலதான் கன்றியிருக்கும். ஆனா ஊசியை நிறுத்திடாதீங்க, இன்னைக்கு மறுபக்கம் போடுங்க. கன்றல் பெருசானாலோ ரத்தம் கசிஞ்சாலோ உடனே கூப்பிடுங்க."

தவமலர் மறுபக்கத்துச் சதையைப் பிடித்து ஊசியைப் போட்டார். முடிந்ததும் கை பழக்கத்தில் வயிற்றை நோக்கிப் போனது. கண்ணைத் திறந்த கனகேந்திரன் அதை எட்டிப் பிடித்தார்.

"தடவ வேணுமெண்டால் இதைத் தடவு," என்று தன் உள்ளங்கையை விரித்தார். "முப்பது வருசம் டயர் மாத்தின கை. கன்றாது."