பாதிப் பிரசங்கம்

கிசுமு நகரில் ஒரு மலேரியா ஆய்வகம். அங்கிருந்த கிழட்டுத் திரவ நைட்ரஜன் தொட்டிகளுக்கு ஞாயிறு, திங்கள் என்றெல்லாம் தெரியாது. தினமும் மரக்குச்சியை உள்ளே விட்டு, அதில் படியும் உறைபனியை வைத்து நைட்ரஜன் மட்டத்தை அளந்து, குறைந்ததை நிரப்பாவிட்டால் பதினோரு வருட ரத்த மாதிரிகளும் பாழ். அதனால் பொறுப்பாளர் ஒகோலா வாராவாரம் பாதிப் பிரசங்கத்தில் எழுந்து ஓடுவார்.

"என் பேச்சு அவ்வளவு கசக்குதாய்யா?" என்று பாதிரியாரே குத்திக்காட்டியிருக்கிறார்.

வியாழனன்று புதுத் தொட்டிகள் வந்தன. ஒரு குப்பிகூடச் சேதமில்லாமல் மாற்றியாயிற்று. இனி ஒருமுறை நிரப்பினால் பத்து நாள் தாங்கும்.

இந்த ஞாயிறு ஒகோலா எழவில்லை. பாதிப் பிரசங்கத்தில் குறட்டைதான் எழுந்தது. மனைவி அடோயோ விலாவில் இடித்தாள்.

"விடும்மா, தூங்கட்டும்," என்றார் பாதிரியார் மேடையிலிருந்தே. "எந்திரிச்சு ஓடாம இருக்காரே, அது போதும்!"