தம்பிதுரையின் புறங்கை

எதையும் புறங்கையால்தான் தொடுகிறார் தம்பிதுரை. காபி டம்ளர் ஆறிவிட்டதா, கார் பானட் கொதிக்கிறதா, கோயில் தூண் குளிர்ந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அதே புறங்கைதான். வைப்பார், ஒரு நொடி யோசிப்பார், எடுத்துவிடுவார். பெரியநாயக்கன்பாளையத்தில் நாற்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறை நடத்துகிறவர். "உள்ளங்கைல தொட்டா கரண்டு புடிச்சுக்குமுங்க. புறங்கைன்னா உதறிப்போடும்" என்பார். உலகம் முழுவதுமே இன்னும் ஸ்விட்ச் அணைக்காத மோட்டார் என்பது அவருடைய எண்ணமாக இருக்கலாம்.

அப்படிப்பட்டவர் போன வாரம் மனைவி பூவாத்தாளைக் கூட்டிக்கொண்டு கோவையைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். துடியலூரில் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் நான் காரை ஓட்டினேன். காரணம் ஒன்றும் உல்லாசமில்லை. வெள்ளிக்கிழமை அந்த அம்மாளுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன். அதற்குப் பிறகு கீழே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரே ஒரு தடவை பேரூர் படித்துறையில் ஆற்றைப் பார்த்து உட்கார வேண்டும், பக்கத்தில் கணவரும் உட்கார வேண்டும், அதுதான் அந்த அம்மாளின் ஆசை. கொடுமுடியில் காவிரியைப் பார்த்து வளர்ந்த பெண். "மாப்பிள்ளை ஊருலயும் ஆறு இருக்குதுங்க" என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்களாம். சொன்னது பொய்யில்லை, ஆறு இருந்தது. பட்டறைக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை இல்லை.

முதலில் மருதமலை. மேலிருந்து பார்த்தால் ஊர் விரித்துப் போட்டதுபோல் கிடக்கிறது. தம்பிதுரை மனைவிக்கு அதைச் சுற்றிக் காட்டினார்: "அதா, அந்தப் பச்சைக் கட்டடம் தெரியுது பாரு, ஆயிரத்து எரநூறு அடி போர்வெல். இந்தப் பக்கம் தென்னந்தோப்பு, எண்ணூறு. அதுக்குங் கீழ பாறைதான் அம்மணி." மலை உச்சியில் நின்றுகொண்டு பூமிக்குள் இருப்பதைப் பார்க்கிறவரை அன்றுதான் பார்த்தேன்.

அங்கிருந்து ஒரு குளக்கரை. பூவாத்தாளை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நீரூற்றின் சத்தம் சரியில்லை என்று அதன் பின்பக்கம் போனார். முக்கால் மணி நேரம் வாட்ச்மேனுடன் பேரிங்கைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார்.

"பாத்தாச்சுங்களா?" என்றார் பூவாத்தாள்.

"பாத்தாச்சு."

"நானு மோட்டாரைக் கேக்கலீங்க. கொளத்தைப் பாத்தீங்களான்னேன்."

அவர் திரும்பிக் குளத்தைப் பார்த்தார். அது அங்கேதான் இருந்தது.

சாயங்காலம் நான்கு மணிக்கு மூன்று பேருக்குமே போதுமென்று ஆகிவிட்டது. வெயிலில் நின்ற காருக்குள் ஏறியதும் அன்னூரிலிருந்து போன் வந்தது. ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டது. பேசி முடித்துவிட்டு, தம்பிதுரை கண்ணை மூடிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "ஊட்டுக்குப் போயிரலாம் கண்ணு. ஆறு எங்க ஓடிப்போகுது, அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. கோபமில்லை, களைப்புதான். "ஆறு இருக்குமுங்க. என்ற முட்டிதான் வெள்ளிக்கெழமைக்கு மேல இருக்காது."

வண்டியைப் பேரூருக்குத் திருப்பினேன்.

மேற்கே மழை பெய்திருந்ததால் நொய்யலில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. டீ நிறத் தண்ணீர், ஆகாயத்தாமரை, ஒற்றைச் செருப்பு ஒன்று. மேல்படியில் நின்று பூவாத்தாள் பார்த்தார். "இதுங்களா? எங்கூர்ல இதை வாய்க்கால்னு சொல்லுவமுங்க." சொல்லிவிட்டு இறங்கத் தொடங்கினார், பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையசைத்தார்.

தம்பிதுரை மேலேயே நின்று அன்னூருடன் பேசிக்கொண்டிருந்தார். ஆயிரம் அடிக்குக் கீழே இருந்து ஊருக்கெல்லாம் தண்ணீர் ஏற்றிக் கொடுத்தவர், ஊர் ஆற்றில் கால் வைத்ததில்லை. "ஸ்டார்டரை ஆப் பண்ணிப்போட்டு அப்படியே உடுங்க… யாரும் தொட வேண்டாமுங்க…"

தண்ணீருக்கு மூன்று படி இருக்கும்போது பூவாத்தாள் உட்கார்ந்துவிட்டார். அதற்கு மேல் முடியவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரும்பாமலேயே ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்.

"ஏனுங்க."

"காலைல வாரேனுங்க" என்று போனில் சொல்லிவிட்டு தம்பிதுரை இறங்கினார். அவருக்கும் முட்டி ஒன்றும் புதிதில்லை. முனகிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தார். வழக்கம்போல் மனைவியின் முழங்கால் மேல் புறங்கையை வைத்து, ஒரு நொடி யோசித்தார்.

"சூடேறியிருக்குது."

"காயில் போயிருச்சுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. சட்டைப்பையில் மறுபடியும் போன் அடித்தது. கையை எடுத்தார். போனுக்குத்தான் என்று நினைத்தேன். கையைத் திருப்பி, உள்ளங்கையை அதே முழங்கால் மேல் வைத்தார். போன் அடித்து ஓய்ந்தது. கை அங்கேயே இருந்தது.