வடிவு நிறுத்த மயில்துத்தம்

வேம்பாரில் உப்பளங்களுக்கு மேற்கே நாற்பது ஆடுகள் வைத்திருந்தாள் அருணாசலவடிவு. 1973இல் பிறந்த குட்டிகளில் ஏழு, பின்னங்காலை ஊன்ற முடியாமல் இடுப்பு ஆடி விழுந்தன. கண் தெளிவாக இருந்தது. மடியில் பிடித்துவிட்டால் பாலும் குடித்தன. ஆடுகளை விற்றுவிடலாம் என்றார் கணவர் மாடக்கண்ணு. வாங்குகிறவன் வீட்டிலும் இதே குட்டிதானே பிறக்கும் என்று வடிவு மறுத்துவிட்டாள்.

செத்த குட்டி ஒன்றை ஓலைப்பெட்டியில் மூடி எடுத்துக்கொண்டு, பஸ் ஏறித் தூத்துக்குடி மாட்டாஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் அதை அறுத்து, ஈரலில் ஒரு துண்டைச் சென்னைக்குச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஈரலில் செம்பு மிகக் குறைவு. மேய்ச்சலில் கிடைக்க வேண்டிய துளிச் செம்பு கிடைக்காததால், வயிற்றிலேயே குட்டியின் நரம்பு கெட்டிருக்கிறது. பிறந்தபின் திருத்த முடியாது, சினையாட்டுக்குத்தான் மருந்து.

கம்பவுண்டர் தேவபிரசாதம் எடுத்துவைத்த மருந்து மயில்துத்தம், செம்பில் செய்த நீல உப்பு. அதை விஷம் என்றுதான் வடிவுக்குத் தெரியும். ஒரு கிராமைத் தண்ணீரில் கரைத்து, சினையின் நடுவில் ஒரு தடவை, ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஒரு தடவை கொடுக்கச் சொன்னார். கூடினால் ஈரல் கெட்டு ஆடு செத்துப்போகும் என்பதையும் மறைக்கவில்லை.

"கையில அள்ளிக் காட்டாதீய ஐயா. தராசுல வச்சுக் காட்டுங்க, நான் பாக்கணும்" என்றாள் வடிவு.

அவர் நிறுத்துக் காட்டினார். பிறகு அவளே தராசை வாங்கி, பத்து ஆட்டுக்கு இரண்டு தடவைக்குமாக இருபது பொட்டலம் நிறுத்து மடித்தாள்.

பத்து ஆட்டுக்கு மேல் கொடுக்க மாடக்கண்ணு சம்மதித்திருக்கவில்லை. முடக்குட்டி போட்ட ஏழு ஆடுகளையும் அந்தப் பத்தில் சேர்த்தாள் வடிவு. நல்ல ஆட்டுக்கு மட்டும் கொடுத்தால் மருந்து கேட்டதா என்று எப்படித் தெரியும் என்பது அவள் கேள்வி.

மார்கழியில் ஈற்று. மருந்து குடித்தவற்றில் ஒன்றின் குட்டி செத்துப் பிறந்தது. மற்ற ஒன்பதின் குட்டிகளும் எழுந்து நடந்தன. குடிக்காதவை ஐந்து முடக்குட்டிகள் போட்டன. மாடக்கண்ணு பட்டிக்குள் வந்து குட்டிகளைப் பார்த்தார். "மத்ததுக்கும் குடுத்திருக்கலாம்ளா" என்றார். வடிவு அவரைக் குத்திக்காட்டவில்லை.

அடுத்த வருஷம் ஊரில் ஆடு வைத்திருந்த மற்றவர்களும் அவளைத் தேடி வந்தார்கள். பொட்டலத்தை யார் கையிலும் கொடுக்காமல், சினை எத்தனை மாதம் என்று கேட்டு, தானே போய்ப் புகட்டினாள். சத்தியராஜ் என்பவர் தன் ஆட்டுக்கு இரட்டைக்குட்டி, இரண்டு பொட்டலம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்.

"குட்டி ரெண்டு இருக்கட்டும் அண்ணாச்சி. ஆட்டுக்கு ஈரல் ஒண்ணுதான?"

கோபித்துக்கொண்டு போன மனிதர், மறுநாள் காலையில் தாமே ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். வடிவு ஒரே ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள்.