பிரேக்கம்மா எடுத்த ஆள்

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவளை முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகைத் திருப்பினால் பிரேக்கம்மா. காரணம் இல்லாமல் இல்லை. பயிற்சிக் காரில் கற்பவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் ஆசிரியைக்கு ஒரு பிரேக். மற்றவர்கள் அந்த இரண்டாவது பிரேக்கை ஆபத்துக்கென்று வைத்திருந்தார்கள். இவள் ஆபத்து வரலாமோ என்ற நினைப்புக்கே மிதித்துவிடுவாள். தெருநாய் சாலையைக் கடக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வண்டி நின்றிருக்கும். நாய்க்கே சங்கடமாகிவிடும்.

வேலை முடிந்தாலும் அந்தக் கால் ஓயாது. பேருந்தில் டிரைவருக்கும் சேர்த்து இவளே பிரேக் போடுவாள். சாப்பாட்டு மேஜையில் கணவர் இரண்டாவது ஸ்பூன் சர்க்கரைக்குக் கை நீட்டினால், மேஜைக்கு அடியில் இவள் வலது கால் தரையை அழுத்தும். அவர் குனிந்து பார்த்துவிட்டு, "வண்டி நிக்கல," என்று சொல்லிச் சர்க்கரையைப் போட்டுக்கொள்வார்.

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவளுக்குப் பெற்ற மகளுக்குக் கற்றுக்கொடுக்க முடியவில்லை. மகள் பதினெட்டு வயதில் ஆசையோடு வந்து உட்கார்ந்தாள். தெருமுனையில் ஒரு பிரேக், கடைவாசலில் ஒரு பிரேக், யாருமே இல்லாத மைதானத்தின் நடுவில் ஒரு பிரேக். மகள் சாவியைப் பிடுங்கி அம்மா மடியில் போட்டுவிட்டு வீடுவரை நடந்தே போனாள். அதன்பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய், இன்றைக்கும் கணவர் ஓட்டப் பக்கத்தில்தான் உட்காருகிறாள்.

அம்மாவுக்கு அது நெஞ்சில் முள். அதைவிடப் பெரிய முள், மகளின் தொலைபேசிப் பேச்சு. "சாப்டியா?" "சாப்டேன்." "என்ன சாப்ட?" "அம்மா, வேலை இருக்கு, வெக்கறேன்." சிக்னலில் சிவப்பு விழுந்து பச்சை வருவதற்குள் பேசி முடித்துவிடலாம். இத்தனைக்கும் மகள் ஊமையல்ல. தினமும் சாயங்காலம் கணவரோடும் அலுவலக நண்பர்களோடும் கம்ப்யூட்டரில் ஒரு துப்பாக்கி விளையாட்டு ஆடுவாளாம். அதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் பேசுவாளாம். இதை உளறியவர் மாப்பிள்ளை. மாப்பிள்ளை முறுக்கு என்பது மருந்துக்கும் இல்லாத மனிதர் அவர்.

"இப்ப எங்க டீம்ல ஒரு ஆள் குறையுதுங்க அத்தை. அஞ்சு பேர் வேணும், நாங்க ரெண்டு பேரும் ஆபீஸ் ஆளுங்க ரெண்டு பேருமா நாலு பேர்தான் இருக்கோம்," என்று ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

"நான் வரேன் மாப்பிள்ளை," என்றாள் பிரேக்கம்மா. ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான். ஆனால் மகளின் குரல் இருக்கும் இடத்தில் இடம் காலி என்றால், ஆழத்தை யார் பார்ப்பார்கள்?

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். டீமின் தலைவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். மகளோடு வேலை பார்ப்பவர். அவர் யோசித்து, மூன்று ஆட்டம் பார்க்கலாம், சரிவராவிட்டால் தன் தம்பியைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று தீர்ப்புச் சொன்னார். தம்பி காத்துக்கொண்டே இருந்தானாம்.

மாப்பிள்ளையின் பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் வந்து இறங்கியது. அதை வைக்க வீட்டில் காலியாக இருந்தது தையல் மிஷின் மட்டும்தான். மிஷின் தலையை உள்ளே மடக்கிவிட்டு, மேல்பலகையில் கம்ப்யூட்டரை வைத்தார் கணவர். பெல்ட் எப்போதோ அறுந்துபோன மிஷின் அது. கீழே மிதிபலகை மட்டும் தொட்டால் கடகடவென்று ஆடும். அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தபோது, கால் தானாகப் போய் அந்தப் பலகைமேல் அமர்ந்தது.

ஹெட்போனை மாட்டியதும், முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று மற்றவர்கள் காதில் சொன்னார்கள். திரையில் விதவிதமான ஆட்கள் வரிசையாக நின்றார்கள். ஆடப்போவது நடுவில் இருக்கும் ஒரு முற்றத்துக்காக. அதைப் பிடித்துக் கொஞ்ச நேரம் கைவிடாமல் வைத்திருக்கும் அணிக்கே வெற்றி. எதிரிகளும் ஐந்து பேர்.

"புதுசா வர்றவங்க இந்தச் சிப்பாயை எடுப்பாங்க ஆன்ட்டி," என்றார் கேப்டன். "ஓடணும், சுடணும். அவ்வளவுதான்."

பயிற்சிக்கு வரும் ஆளை எடைபோடுவது போல அவள் சிப்பாயைப் பார்த்தாள். "இவருக்குக் கழுத்தே இல்லையே தம்பி. பக்கத்துல எப்படித் திரும்பிப் பாப்பாரு?"

"அம்மா, இந்த மருத்துவச்சியை எடு," என்றாள் மகள். "பின்னாடியே நின்னு அடிபட்டவங்களுக்கு மருந்து போட்டாப் போதும்."

"அடிபட்ட அப்புறம் மருந்து போடறதுல என்ன பெருமை? அடிபடாமல்ல பாத்துக்கணும்."

இறக்கை முளைத்த ஒரு பெண் பறந்து காட்டினாள். குதிகால் செருப்போடு வந்ததால் அவளும் தேறவில்லை. அந்தச் செருப்போடு வந்தால் வண்டியிலேயே ஏற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள் பிரேக்கம்மா. மாப்பிள்ளையைக் கேட்டதற்கு, "உங்களுக்கு யாரைப் புடிக்குதோ அவங்களையே எடுங்க அத்தை," என்றார். மாமியாரிடம் சொல்ல அதைவிடப் பத்திரமான பதில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

அப்போதுதான் வரிசையின் கோடியில் அவளைப் பார்த்தாள். நடுவயது, பூசினாற்போன்ற உடம்பு, தட்டைச் செருப்பு. துப்பாக்கி பேருக்குத்தான். இடுப்பில் பெரிய கயிற்றுச் சுருள். கயிற்றை வீசினால் அது நம் அணி ஆள் ஒருவரைப் பிடித்து, எங்கிருந்தாலும் சட்டென்று பின்னால் இழுத்துவந்து தன் பக்கத்தில் நிறுத்தும்.

பிரேக்கம்மாவின் கால் குளிர்ந்தது. உலகத்தில் இப்படியும் ஒரு வண்டி இருக்கிறதா?

"அவ வேணாம் ஆன்ட்டி," கேப்டன் பதறினார். "பழகினவங்களே தொட மாட்டாங்க. மூணு நட்சத்திரம் போட்டிருக்கு பாருங்க."

"அதைப் பாத்துத்தானே எடுக்கறேன். நல்ல ஓட்டலுக்கு அப்படித்தானே போடுவான்."

"அது எவ்வளவு கஷ்டம்னு காட்டறதுக்குப் போட்டது."

சொல்வதற்குள் அவள் பொத்தானை அழுத்திவிட்டிருந்தாள்.

முதல் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லாமலிருப்பது எல்லோருக்கும் மரியாதை. மகள் பாய்ந்து முற்றத்துக்குள் காலை வைத்தாள். கயிறு வந்து பின்னால் இழுத்தது. மறுபடி வைத்தாள், மறுபடி இழுத்தது. முன் வைத்த காலைப் பின் வைக்காதே என்று சொன்னவருக்கு இப்படி ஒரு தாய் இருந்திருக்க மாட்டாள். கேப்டன் ஒளிந்து ஒளிந்து போய் எதிரியின் முதுகுக்குக் குறிவைத்த நொடியில், அவர் திடீரென்று பிரேக்கம்மா பக்கத்தில் நின்று சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தார். இழுவை ஒவ்வொன்றுக்கும் முன்னால் எல்லோர் காதிலும் கடகடவென்று ஒரு சத்தம்.

"அது என்ன சத்தம்?" என்றார் கேப்டன்.

"தையல் மிஷின்," என்றாள் மகள், பல்லைக் கடித்துக்கொண்டு. "அம்மா கால் சும்மா இருக்காது."

இரண்டாவது ஆட்டத்தில் கயிறு மாப்பிள்ளையைப் பிடித்தது. அவர் பாலத்தின் அந்தப் பக்கம், மாமியார் இந்தப் பக்கம், நடுவில் பாலம் உடைந்திருந்தது. மாப்பிள்ளை ஆற்றில் விழுந்தார்.

"ஐயோ மாப்பிள்ளை."

"பரவாயில்லைங்க அத்தை. நல்லாத்தான் இழுத்தீங்க. பாலந்தான் சரியில்ல."

அதற்குள் மகள் முற்றத்தில் தனியாக நின்று இரண்டு பேரை வீழ்த்தியிருந்தாள். மூன்றாவது ஆளை நோக்கித் திரும்பினாள். கடகட. கயிறு. எதிரிகள் நடந்துவந்து, யாருமற்ற முற்றத்தை எடுத்துக்கொண்டார்கள்.

மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, நீ இன்னும் அதையேதான் பண்ற," என்றாள். "நான் எங்க போனாலும் நீ நிறுத்தற. காருலயும் இதுதான், இங்கயும் இதுதான்."

பிரேக்கம்மாவுக்குக் கண் கலங்கியது. கணவர் கதவருகே நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துவிட்டுப் போனார். நியாயமாகப் பார்த்தால் மகள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பயந்தது இவள், நின்றது மகள். இவ்வளவு காலமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"மூணாவதுக்கு அந்தச் சிப்பாயை எடுத்துக்கங்க ஆன்ட்டி," என்றார் கேப்டன் மெதுவாக. அவர் குரலில் தம்பி வாசல்வரை வந்துவிட்டது தெரிந்தது.

மவுஸ் அம்பைச் சிப்பாய்மேல் கொண்டுபோனாள். கழுத்தில்லாத முகம் முன்னால் மட்டுமே வெறித்தது. இந்த ஆளாகப் போய், சுட்டுவிட்டு, தோற்று, நாளைக்கு மறுபடி "சாப்டியா" என்று கேட்பதா? அம்பைத் திரும்பக் கயிற்றுக்காரிமேல் வைத்தாள்.

"நான் இவளையேதான் எடுக்கறேன். ஆனா நீ சொல்ற வரைக்கும் கயித்தைத் தொட மாட்டேன்."

"உன்னால முடியாதும்மா."

"பாப்போம்."

மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. கயிற்றுக்கான பொத்தானிலிருந்து விரலை எடுத்து, எதற்கும் இருக்கட்டும் என்று அந்த விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். மகள் சந்துக்குள் ஓடினாள். விரல் வலித்தது, கயிறு வரவில்லை. மகள் சுவரைத் தாண்டினாள். அப்போதும் வரவில்லை. விரல் வாக்கைக் காப்பாற்றியது. கால்தான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லையே.

மகள் முற்றத்தின் வாசலைத் தாண்டப்போகும்போது கடகடவென்று மிஷின் ஆடியது.

மகள் நின்றாள். கயிறு இழுக்காமல், தானாக.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல, நீ போ. நான் எதையும் தொடல."

"கால் ஆடுச்சே. என்ன பாத்த?"

"உனக்கு இடப்பக்கம், கதவுக்குக் கீழ ஒரு நெழல். கதவு ஆடல, நெழல் ஆடுது."

ஆசிரியைகள் முன்னால் பார்ப்பதைவிடப் பக்கவாட்டில் பார்ப்பதுதான் அதிகம். முன்னால் பார்க்கத்தான் கற்பவர் இருக்கிறாரே. மகள் சுற்றிப் போய்க் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தவனை முதுகுப்புறமாக வீழ்த்தினாள்.

"அட," என்றார் கேப்டன்.

அதன்பிறகு நான்கு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு ஆடினார்கள். மிஷின் ஆடினால் நின்றார்கள், ஓய்ந்தால் நடந்தார்கள். மாப்பிள்ளை இரண்டு முறை, "இப்ப ஆடுச்சா, இல்லைங்களா அத்தை?" என்று கேட்டு உறுதிசெய்துகொண்டார். ஒருமுறை அது சும்மா கால் மாற்றி உட்கார்ந்த சத்தம். நான்கு பேரும் வெட்டவெளியில் சிலையாக நின்றார்கள். எதிரிகளுக்கே அது ஏதோ பெரிய தந்திரமாகப் பட்டிருக்க வேண்டும், அவர்களும் நின்றுவிட்டார்கள்.

கடைசியில் முற்றம் இவர்கள் கைக்கு வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும். எதிரிகள் ஒன்றாகத் திரண்டு வந்தார்கள்.

"நான் வெளிய போய் இழுத்தடிக்கறேன்," என்றாள் மகள்.

கடகடகட.

"தெரியுதும்மா. பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் போறேன்."

போனாள். மிஷின் ஆடிக்கொண்டே இருந்தது. பிரேக்கம்மா கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்தாள், அதுவும் பழக்கமில்லை. மகள் ஒருவனை வீழ்த்தினாள், இன்னொருவனைத் திணறடித்தாள், மூன்று பேர் அவளைச் சூழ்ந்தார்கள். அப்போது காதில் வந்தது, கேட்க முடியாது என்று என்றைக்கோ கைவிட்ட சொல்.

"அம்மா, பிரேக்."

கயிறு பறந்தது. மூன்று எதிரிகளும் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளாத குறையாக வெறும் இடத்தைச் சுட்டார்கள். மகள் அம்மாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அதற்குள் முற்றத்தைக் காக்க வேண்டிய நேரமும் முடிந்து, திரையில் வெற்றி என்று விழுந்தது.

கேப்டன் பெருமூச்சு விட்டார். "என் தம்பி நல்லாத்தான் சுடுவான். ஆனா அவங்கிட்டத் தையல் மிஷின் இல்லையே," என்று சொல்லிவிட்டுப் போனார். மாப்பிள்ளையும் அத்தையிடம் விடைபெற்று நழுவினார். மகள் மட்டும் போகவில்லை. என்ன சாப்பிட்டாள் என்பதை அவளாகவே சொன்னாள். அலுவலகத்தில் ஒருவன் படுத்தும் பாட்டைச் சொன்னாள். மேல்வீட்டில் குழாய் ஒழுகும் கதையைச் சொன்னாள். எத்தனையோ சிக்னல்களில் சிவப்பு பச்சையாகி, பச்சை சிவப்பாகியிருக்கும்.

"அம்மா, அடுத்த தடவை ஊருக்கு வரும்போது நான் கார் எடுக்கவா?"

"எடு," என்றாள் பிரேக்கம்மா. "நான் பின் சீட்டுல உக்காந்துக்கறேன். வாயே திறக்க மாட்டேன்."

"பின் சீட்டு வேணாம், பக்கத்துலயே உக்காரு. ஆனா ஸ்கூல் வண்டி வேணாம், அப்பா காரை எடுப்போம். அதுல உனக்குப் பிரேக் கிடையாது. நீ பாட்டுக்குத் தரையை மிதி, காதுல விழுந்தா நான் பாத்துக்கறேன். சரியா?"

அம்மா வாயைத் திறப்பதற்கு முன்பே கீழே மிஷின் கடகடவென்று ஆடியது.

"சரின்னு எடுத்துக்கறேன்," என்றாள் மகள்.